மரத்தவளைகள் வாயடைத்தபோது

விளக்கேற்றும் நேரத்தில் தவளைகள் சத்தத்தை நிறுத்தின. ஆனால் யாரும் வரவில்லை.

வேலாயுதம் கையிலிருந்த குவளையை ஓசைப்படாமல் தரையில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். தகரக் கூரையிலிருந்து மழைநீர் சொட்டுவதும், கிணற்றடியில் வாழையிலைகள் ஒன்றோடொன்று உரசுவதும், பண்டார் ஹிலிர் பக்கமாகப் போகும் ஏதோ ஒரு வண்டி மேட்டில் ஏற முடியாமல் முனகுவதும் கேட்டன. வாசல் படல் கிறீச்சிடவில்லை. சரளைக் கல்லில் பூட்ஸ் மிதிபடவில்லை. இருந்தும், கொட்டாங்கச்சியை நகத்தால் சுண்டியதுபோல 'டொக், டொக்' என்று மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்த நான்கும் ஒரே நொடியில் அடங்கிப்போயிருந்தன.

அந்த நான்கு மரத்தவளைகள்தாம் அவருக்குக் காவல். ஜப்பான்காரன் வந்து ஆபீஸ் மூடியதிலிருந்து அவர் வேலையில்லாதவர். வேலையில்லாதவர்களைத்தான் சயாமில் ரயில்பாதை போடுவதற்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். லாரி எந்த நேரமும் அவர் குடியிருந்த காஜா பெராங்குக்குள் திரும்பலாம். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. படுக்கையறையில் துணி பீரோவின் பின்பலகையை நகர்த்தினால், இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஓர் ஆள் முழங்காலை மடக்கி உட்காரும் அளவுக்கு ஒரு பொந்து இருந்தது. வேற்றுக் கால் பட்டால் தவளைகள் நிறுத்தும்; நிறுத்தினால் அவர் பொந்துக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அவருக்கு மட்டும் அவை பழகியிருந்தன. பக்கத்தில் நின்று தும்மினாலும் கத்துவதை விடா.

தவளைகள் சேதுராமனுடையவை. அதே ஆபீஸில் வேலை பார்த்தவன், அதே வீட்டில் கூட இருந்தவன், எட்டு வயது இளையவன்; அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்தவற்றைப் பிடித்து ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தான். அவன் போனபின், பேச ஆளில்லாத முதல் வாரத்தில், வேலாயுதம் அவற்றுக்கு ஒழுங்காக ஒரு கூடு அமைத்தார். சமையலறையில் சாப்பாட்டு அலமாரி வெறுமனே நின்றது; அதில் வைப்பதற்கு இப்போது என்ன இருந்தது? அகலத்தைவிட உயரம் அதிகம், ஏறுகிற பிராணிக்கு அதுதான் தோது. நான்கு பக்கமும் கம்பிவலை. காற்றும் வரும், காலுக்கும் பிடிமானம். கிழிந்திருந்த மூலையை ஈயக் கம்பியால் தைத்தார். அடியில் நனைத்த தேங்காய் நார், குறுக்கே ஒரு கொய்யாக்கிளை, பகலில் பதுங்க வாழையிலை, ஆழமில்லாத பீங்கான் தட்டில் மழைநீர். எறும்பு ஏறாதிருக்க அலமாரியின் கால்கள் ஏற்கெனவே தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. கரப்பானும் வெட்டுக்கிளியும் வேண்டிய மட்டும் கிடைத்தன. அந்த வீட்டில் வயிறு நிறைந்தவை அவை மட்டும்தான். ஒரு காலையில் தட்டுக்கு நேர் மேலே கிளையில் தவளை முட்டையிட்ட நுரைக்கூடு ஒன்று வெண்மையாகத் தொங்கியது. சோப்பைக் கண்ணால் பார்த்தே பல மாதம் ஆகியிருந்ததால் அவருக்குச் சிரிப்பு வந்தது. காலி வீட்டில் அந்தச் சிரிப்பு வேறு யாருடையதோபோல் கேட்டது. நிறுத்திக்கொண்டார்.

மறுநாளும் அதே நேரத்தில் தவளைகள் அடங்கின. பாம்பாக இருக்கும் என்று எண்ணி, விடிந்ததும் கிணற்றடிப் புல்லையெல்லாம் செதுக்கினார். மூன்றாம் நாள் அலமாரியைச் சமையலறையின் உள்மூலைக்கு இழுத்து வைத்துக் கதவைச் சாத்தினார். அங்கும் அடங்கின. பழைய காலண்டர்த் தாளின் பின்புறம் பென்சிலால் குறித்துக்கொண்டார்: முதல் நாள், நூறு எண்ணும் நேரம். இரண்டாம் நாள், இருநூற்றைம்பது. மூன்றாம் நாள், ஆயிரத்தோடு எண்ணுவதை விட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் பொந்துக்குள் இருந்தபடிதான் எண்ணினார்.

நான்காம் நாள் மதியம் கம்போங் செட்டியிலிருந்து காமாட்சி பீபி மரவள்ளிக் கிழங்கோடு வந்தார். தலைமுறைகளாக அங்கேயே வாழும் செட்டிகளில் ஒருவர். அவருக்குத் தமிழ் நாலைந்து வார்த்தைதான்; மற்றதெல்லாம் மலாய்.

"ஆப்பா இனி, வேலா! ஓராங் தா மாக்கான், காத்தாக் புன்யா ருமா பெசார்!" மனுஷனுக்கே சோறில்லை, தவளைக்கு மாளிகையா என்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

"அதுங்களாவது என்னைத் திட்டாம இருக்குதே, பீபி," என்றார் வேலாயுதம் தம் ஆபீஸ் மலாயில்.

"திட்டும், திட்டும். வாயைப் பார், என் மாமியார் வாய் மாதிரி."

சிரித்தபடியே அவர் நீட்டியவை இரண்டு இலைப் பொட்டலங்கள். இன்னொன்று எதற்கு என்று வேலாயுதம் கேட்டார். பீபி தெருப் பக்கம் ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உன் தம்பிக்குத்தான். மறைக்காதே. நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கமாட்டேன். நேத்து சாயங்காலம் சமையல்கட்டு ஜன்னல் வழியாத் தெரிஞ்சான். அந்த அலமாரி முன்னால குனிஞ்சு நின்னான். காசியான், பாவம், விலா எலும்பை எண்ணலாம்போல மெலிஞ்சு கிடக்கான். ரெண்டு வாய் சாப்பிடச் சொல்லு."

பீபி போனபிறகும் வேலாயுதம் இரண்டு பொட்டலங்களையும் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். கிழங்கின் சூடு உள்ளங்கையில் ஆறிக்கொண்டே வந்தது.

லாரி வந்த அன்று அவரும் சேதுராமனும் வீட்டில்தான் இருந்தார்கள். முதலில் பொந்துக்குள் புகுந்தது வேலாயுதம். தாழ்ப்பாளைப் போட்டதும் அவர்தான். பலகையில் விரல்நுனியால் இரண்டு தட்டு. "அண்ணே, கொஞ்சம் நகர்ந்தா ரெண்டு பேர் இருக்கலாம்ணே." அவர் மூச்சு விடவில்லை. மறுபடி தட்டவில்லை அவன். பலகையை மறைக்கத் துணிகளை இழுத்துவிட்டு, வெளியிலிருந்து பீரோக் கதவை ஓசையில்லாமல் சாத்தினான். பூட்ஸ் கால்கள் உள்ளே வந்தபோது, "நான் ஒருத்தன்தான்," என்று அவன் சொன்னது பலகை வழியே தெளிவாகக் கேட்டது.

பீபி வந்துபோன அன்று சாயங்காலம் வேலாயுதம் அலமாரியைப் படுக்கையறைக்கே கொண்டுவந்தார். வேறு எங்கே போவது? ஊரடங்கு, தெருவில் நடமாடினாலே பிடிப்பார்கள். ஜன்னலை அடைத்தார். கதவுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டார். தேங்காயெண்ணெய் விளக்கு கம்பிவலையின் நிழலைச் சுவரெல்லாம் கட்டங்கட்டமாக விரித்தது. அந்தக் கட்டங்களுக்குள் நான்கு தவளைகளும் தொண்டையைப் பலூன்போல் உப்பி உப்பிக் கத்த, வெளியே மழை வலுத்துக்கொண்டே வந்தது.

நாற்றம்தான் முதலில் வந்தது. ஆற்றுச் சேறு. நாள்பட்ட காய்ச்சல்காரனின் போர்வை.

கதவோரம் இருந்த தவளை நிறுத்தியது.

அடுத்தது.

அதற்கடுத்தது.

நான்காவது நிறுத்துவதற்குள் வேலாயுதம் பீரோவுக்குள் இருந்தார். பலகையை இழுத்தார். தாழ்ப்பாள். இருட்டு. முழங்கால் இரண்டும் எதிர்ப்பலகையில் முட்டின. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

கட்டில் நகரவில்லை. கதவு திறக்கவில்லை. ஆனால் தரையில் ஈரக்கால். வெறுங்கால். ஓர் அடி. நின்றது. ஓர் அடி.

அலமாரியின் முன்னே நின்றது. கம்பிவலையை ஒரு விரல் மெதுவாக வருடும் ஓசை. தட்டில் தண்ணீர் சலசலத்தது. யாரோ அதை நிரப்புகிறார்கள்.

பிறகு ஒன்றுமில்லை.

எண்ணினார். நூறு. இருநூறு. வியர்வை கண்ணில் வழிந்தது.

டொக்.

ஒன்று.

டொக், டொக்.

இரண்டு. மூன்று. பிறகு நான்கும், நடுவில் எதுவுமே நடக்காததுபோல, தொண்டை கிழியக் கத்தின. வேலாயுதம் வாயிலிருந்து கையை எடுத்தார். அறையில் யாரும் இல்லை. தவளைகள் பொய் சொல்லா. போய்விட்டது.

தாழ்ப்பாளைத் தடவினார். போட்டது போட்டபடி இருந்தது. எழுவதற்காக முழங்காலை அசைத்தார்.

முட்டியது பலகை அல்ல.

ஈரம். எலும்பு. தோல் மட்டும் போர்த்திய ஒரு கெண்டைக்கால்.

அவருக்கு இடம் விட்டு, அது மெல்லத் தன்னை மடக்கிக்கொண்டது.