கெட்டில் சத்தம்

அந்த ஏரிக்குப் போக வேண்டுமென்றால் இப்போதெல்லாம் ஒரு கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டில் ஒரு சரணாலயப் பலகை. துப்பாக்கி கூடாது, நாய் கூடாது, தீ மூட்டக் கூடாது, இலை பறிக்கக் கூடாது.

“மூச்சு விடலாமா?” என்று கேட்டார் ரெய்னோ.

காவல் கூண்டில் இருந்த டார்லீன் சிரிக்கவில்லை. வருஷா வருஷம் இதே கேள்விதான். “விடுங்க பெரியவரே. இருட்டுறதுக்குள்ள வெளிய வந்துடுங்க. பனிமூட்டம் இறங்கும்னு ரேடியோல சொன்னான்.”

“அவன் மழைன்னு சொன்னா நான் துணி காயப்போடுவேன்.”

பிக்கப் வண்டி உள்ளே போனது. முன்னால் ஒரே நீள சீட். ஜன்னலோரம் அண்ணி ஹெல்மி, மடியில் துண்டு சுற்றிய நீலக் காபிக் கெட்டிலும் ஒரு கரண்டியும். நடுவில் இடம் காலி. அண்ணன் ஆர்வோ இருந்தவரை ஜன்னலோரம் அவர் இடம், நடுவில் அண்ணி. வாத்து வேட்டைக்குப் படகில் போன ஆர்வோ, பனிமூட்டத்தில் காணாமல் போனது இந்த ஏரியில்தான். படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஹெல்மி வந்து, கரையில் அவருக்கு ஒரு கோப்பை காபி ஊற்றிவிட்டுப் போவாள். கூட்டிக்கொண்டு வருவது ரெய்னோவின் தலையெழுத்து.

“இதுதான் கடைசி,” என்றாள் ஹெல்மி. “அடுத்த வாரம் அரிசோனா போறேன், பொண்ணு வீட்டுக்கு. அங்க ஏரின்னு பேருக்குக்கூட ஒண்ணும் இல்லியாம்.”

“நல்லதாப் போச்சு. எனக்கும் முதுகு போச்சு.”



படகுத்துறையில் ஆளில்லை. மேப்பிள் இலைகள் கரையோரத் தண்ணீரில் விழுந்து அழுகிக்கொண்டிருந்தன. அந்த வாடை தொண்டைவரை வந்தது. ஹெல்மி காபியை ஊற்றினாள். “நான் போறேன், கேட்டுக்கோ,” என்று ஏரியைப் பார்த்துச் சொன்னாள். மிச்சத்தையும் கவிழ்த்துக் கெட்டிலைக் காலி செய்தாள்.

காற்று நின்றது. எதிர்க்கரை மங்கியது. பிறகு படகுத்துறையின் நுனியே தெரியவில்லை.

அப்போதுதான் விசில் கேட்டது. இரண்டு தடவை.

பனிமூட்டத்தில் வழி தெரியாதவன் இரண்டு விசில் அடிப்பான். கரையில் நிற்பவர் கெட்டிலைத் தட்ட வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவன் துடுப்புப் போட்டு வந்துவிடுவான். விசில் கேட்டும் தட்டாமல் போனவனோடு அந்த ஊரில் யாரும் ஒரே மேஜையில் உட்கார மாட்டார்கள்.

“எவனோ டவுன்காரன் மாட்டிக்கிட்டான்,” என்று ரெய்னோ கெட்டிலை வாங்கினார்.

“தட்டாத, ரெய்னோ.”

“என்ன அண்ணி, மனுஷன் தத்தளிக்கிறான்.”

கரண்டியால் ஓங்கித் தட்டினார். டங். டங். டங்.

மறுபடி விசில். இந்தத் தடவை கிட்டத்தில். இரண்டாவது விசில் பாதியில் உடைந்து வெறும் காற்றாகப் போனது, முன்பல் இல்லாதவன் ஊதுகிற மாதிரி.

ஆர்வோவுக்கு முன்பல் கிடையாது.

ரெய்னோவின் கை நின்றது.

“வருஷா வருஷம் இது எனக்குக் கேக்கும்,” ஹெல்மி முணுமுணுத்தாள். “உனக்குத்தான் காது மந்தம். எங்கியோ தூரத்துல கேக்கும். நான் ஒரு தடவைகூடத் தட்டினதில்ல.”

துடுப்புச் சத்தம். நிதானமாக, களைத்துப்போனவன் போடுகிற மாதிரி.

படகின் அடி சரளைக்கல்லில் உரசுகிற சத்தம்.

படகு இல்லை.

நனைந்த கம்பளியும் பைப் புகையிலையும் கலந்த வாடை அவர்களைத் தாண்டி வண்டிப் பக்கம் போனது.

“வாங்க அண்ணி, போயிடலாம்.”

ரெய்னோ கெட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு, ஏறி வண்டியைக் கிளப்பினார். ஹெல்மி ஏறினாள். ஏறியவள் ஜன்னலோரம் உட்காரவில்லை. நகர்ந்து நகர்ந்து நடுவில் வந்து, ரெய்னோவின் தோளை ஒட்டி உட்கார்ந்தாள்.

“கதவச் சாத்துங்க.”

அவள் கை கெட்டிலின் மேலேயே இருந்தது.

வண்டி ஜன்னல் பக்கமாக அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது.

ஊர் வரும்வரை ரெய்னோ வலப்பக்கம் திரும்பவே இல்லை. ஹீட்டரைத் திருகத் திருக கம்பளி வாடைதான் கூடியது. அண்ணியின் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

“இறங்குங்க அண்ணி.”

“இரு. அவர் இறங்கட்டும்.”

கதவு திறந்தது. அமுங்கியிருந்த வண்டி நிமிர்ந்தது. அதன் பிறகுதான் ஹெல்மி இறங்கினாள், மெல்ல, கெட்டிலோடு.

“அப்ப, அரிசோனா?” என்றார் ரெய்னோ.

ஹெல்மி திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை அந்த முகத்தில், களைப்புதான்.

“வெயில் அவருக்கு ஆகாதே,” என்றாள்.

அவள் இன்னும் வாசற்படிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. உள்ளே சமையலறை விளக்கு எரிந்தது.