கூலிம் கூண்டில் இரண்டு வட்டுகள்

ஞாயிறு, காலை மணி 9.05.

"சார், மெஷின் ஓடுது. ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. கோசோங்."

கூலிம் தரவு மையத்தின் பணியாளர் ஷஃபிக் தொலைபேசியில் சொன்னதை ஆய்வக உரிமையாளர் சத்தியசீலன் மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்று முறையும் விளங்கவில்லை. இம்மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. வியாழன் மாலை பூட்டிய இரும்புக் கூண்டு. கூண்டுக்குள் அவருடைய சொந்தக் கணினி இயந்திரம். அதற்குள் பாலிங், ஜித்ரா, மெர்போக் ஆகிய மூன்று கிளைகளிலும் எட்டு ஆண்டுகளாய்ச் சேர்ந்த இரத்தப் பரிசோதனை முடிவுகள். பூட்டு பூட்டியபடியே இருந்திருக்கிறது. முடிவுகளை மட்டும் காணோம்.

இயந்திரத்தின் முகப்பில், இழுப்பறைபோல் உருவி எடுக்கும் இரண்டு சேமிப்பு வட்டுகள் உண்டு. ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும். ஷஃபிக் அவற்றின் எண்களைப் படித்துக் காட்டினார். இரண்டுமே வேறு எண்கள். யாரோ பழைய வட்டுகளை உருவிவிட்டு, அதே வகையில் வெற்று வட்டுகளைச் செருகியிருக்கிறார்கள்.

சத்தியசீலனின் குழப்பம் அன்று பிறந்ததன்று; அதற்கு ஆறு மாத வயது. சுங்கை பட்டாணி ஆய்வகத்தின் பின்னறையில் வெந்துகொண்டிருந்த இயந்திரத்தை இடம் மாற்றியே ஆகவேண்டும் என்பதுவரை எல்லாரும் ஒப்பினர். எங்கே என்பதில்தான் வழி இரண்டாயிற்று. நிர்வாகி ஜெயகுமார் கிளவுட் என்றார்: சொந்த இயந்திரமே வேண்டாம், எங்கோ உள்ள நிறுவனத்தின் இயந்திரங்களில் வேண்டிய இடத்தை வாடகைக்கு எடுத்து இணையத்தின் வழி புழங்கலாம், பழுதானால் அது அவர்கள் பாடு. கணினிப் பிரிவின் இராசாத்தி கொலோகேஷன் என்றார்: இயந்திரம் நம்முடையது, குளிரும் மின்சாரமும் காவலும் உள்ள கூடத்தில் அதை வைக்க ஒரு கூண்டை மட்டும் வாடகைக்கு எடுக்கலாம், பழுதானால் நாமே போய்த் தொட்டுத் திருத்தலாம். காலையில் ஜெயகுமார் பேசினால் கிளவுட்தான் சரி என்று தோன்றும். மாலையில் இராசாத்தி பேசினால் கூண்டைவிட்டால் கதியில்லை என்று தோன்றும். கடைசியில், கூலிமில் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது என்று முடிவாகி, புதன்கிழமை ஆயுத பூசை கண்டு, வியாழன் விஜயதசமியன்று இயந்திரம் புறப்பட்டது. சோதனை தொடங்குமுன்னே இந்தக் கோலம்.

காலை மணி 11.20.

இழப்பீடு தரவேண்டிய காப்புறுதி நிறுவனத்தின் புலனாய்வாளர் பர்ஹானா வந்து அமர்ந்தபோது, சத்தியசீலனின் மேசைமேல் போலீஸ் புகார் ஒன்று தட்டச்சாகிக் கிடந்தது. 'ஐயத்துக்குரியவர்' என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. மாலை நான்கு மணிக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும்.

"எளுதுங்க பாஸ்," என்றார் ஜெயகுமார். "கூண்டத் தொறக்குற கார்டு ரெண்டே பேர்கிட்டதான். ஒண்ணு ஷஃபிக். இன்னொண்ணு நம்ம இராசாத்தி. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"கார்டு வெச்சிருந்தா திருடியா?" என்றார் இராசாத்தி. "எட்டு வருசம் சார். பேக்கப் மெஷின் மூணு மாசமா கெட்டுக் கெடக்குதுன்னு எத்தன லெட்டர் குடுத்தேன்?"

கொடுத்தது உண்மை. கையெழுத்திடாமல் வைத்திருந்தவர் சத்தியசீலன். அவர் இராசாத்தியைப் பார்க்க மாட்டாமல் சன்னலைப் பார்த்தார். மூன்று மாத முடிவுகளுக்கு வேறு நகல் இல்லை. இந்தப் பெண்ணின் பெயரை எழுதினால் அவள் இனி எந்த ஆய்வகத்திலும் கால் வைக்க முடியாது. எழுதாவிட்டால், வேறு யார் பெயரை எழுதுவது?

பர்ஹானா கூண்டின் பதிவைப் புரட்டினார். வியாழன் மாலை 5.40 திறப்பு, 5.58 பூட்டு. அடுத்த திறப்பு ஞாயிறு காலை 8.50, ஷஃபிக் இயந்திரத்தை முதன்முறையாக முடுக்க வந்தபோது. இடையில் ஒன்றுமில்லை. காணொளியிலும் ஓர் ஈ நுழையவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் உள்ள போகலயே, மிஸ்டர் ஜெயகுமார்."

"பதிவ அழிக்கத் தெரியாதவங்களா, மிஸ்? இதுக்குத்தான் கிளவுட் கிளவுட்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

"மெஷின் கடைசியா எப்ப வேலை செஞ்சிச்சு?"

"வியாழன் மூணு நாப்பத்தொண்ணுக்கு மெர்போக்லேருந்து ஒரு ரிசல்ட் ஏறிச்சு," என்றார் இராசாத்தி. "மூணு அம்பதுக்கு நான் நிறுத்தினேன். கேபிள் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுப்பேன் மிஸ், எது எங்க போகுதுன்னு மறக்காம இருக்க. அதோட ஜித்ராவுக்குப் போயிட்டேன். ஜெயா அண்ணனும் டிரைவர் பக்கிரி அண்ணனும்தான் வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க."

படத்தைப் பர்ஹானா பெரிதாக்கினார். இரண்டு இழுப்பறைகளும் ஒட்டி நிற்கும் கோட்டின்மேல், வெளுத்து வெடித்த சந்தனமும் அதன் நடுவே குங்குமமும்.

"இது?"

"ஆயுத பூசைப் பொட்டு. ஊசிப் பெட்டிலேருந்து பிரிட்ஜ் வரைக்கும் வெச்சதுல சந்தனம் தீந்துபோச்சு. அதான் ரெண்டுக்கும் பொதுவா நடுவுல ஒண்ணு."

"கிளவுட்டுக்குப் போனா பொட்டு வைக்கிற வேலையும் மிச்சம்," என்று ஜெயகுமார் சிரித்தார்.

ஷஃபிக் அனுப்பிய படங்கள் இரண்டு. வியாழன் 5.40 மணிப் படத்தில் இயந்திரத்தின் பக்கத்தில் ஜெயகுமார், துடைத்துவிட்டாற்போன்ற வெறும் நெற்றியோடு, கட்டைவிரலை உயர்த்தி நின்றார். இயந்திரத்தின் பொட்டு விளக்கொளியில் பளபளத்தது. சந்தனத்தின் அடியில் ஒரு துளி இறங்கியிருந்தது. இன்று காலை வட்டுகளைத் தொடுமுன் எடுத்த படத்தில் அதே பொட்டு, அதே துளி, உலர்ந்து கிடந்தது. சத்தியசீலனும் மூன்று படங்களையும் பார்த்தார். பொட்டு மூன்றிலும் இருந்தது. அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பகல் மணி 12.45.

வேனோட்டி பக்கிரிசாமி வண்டி நிறுத்துமிடத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதுவரை அவரை யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"பசியாறிட்டீங்களா, அண்ணே?" என்று பர்ஹானா தொடங்கினார்.

"இதுதான் பசியாறலும் பகல் சாப்பாடும், மா."

"வியாழக்கெழம நேரா கூலிம்தானா?"

"நேராத்தான். பாடாங் செராய்கிட்ட கோயில்ல மட்டும் கொஞ்சம் நிப்பாட்டுனோம். விசயதசமி ஆச்சே, நடை தொறக்குற நேரம் வேற. நான் கேக்கக்கூட இல்ல. ஜெயா தம்பிதான், போயி அர்ச்சன பண்ணிட்டு வாங்கண்ணே, நான் சாமானத்துக்குக் காவல் இருக்கேன்னாரு. தங்கமான புள்ள."

"எவ்வளவு நேரம்?"

"கூட்டம் லா. இருவது இருவத்தஞ்சு நிமிசம். பெரசாதம் கொண்டாந்து குடுத்தேன். சந்தனம் குங்குமத்தக் கையில வாங்கிக்கிட்டு, சாமான் ஆடாம இருக்கான்னு பாத்துட்டு வரேன்னு பின்னாடி போனாரு. அப்புறம் கெளம்பிட்டோம்."

சத்தியசீலனுக்கு இப்போது பக்கிரிசாமிமேல் ஐயம் வந்தது. அர்ச்சனைக்குப் போனவர் உண்மையில் கோயிலுக்குத்தான் போனாரா? சற்று நேரத்தில் ஷஃபிக்மேலும் வந்தது. பிறகு, கையெழுத்திடாத தன்மேலேயே வந்து நின்றது.

பிற்பகல் மணி 3.10.

பக்கிரிசாமியோடு அறையில் ஐவர். பர்ஹானா இரண்டு படங்களை அச்செடுத்து மேசைமேல் அருகருகே வைத்தார்.

"மூணு அம்பதுக்கு எடுத்தது இது. அஞ்சு நாப்பதுக்கு எடுத்தது இது. என்ன வித்தியாசம், சார்?"

சத்தியசீலன் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "ரெண்டும் பொட்டுதான்."

"முதல் படத்துல சந்தனம் காஞ்சு வெடிச்சிருக்கு. முந்தின நாள் வெச்சது. கொதிக்கிற மெஷின் மேல இருந்தது. ரெண்டாவதுல ஈரமா வழியுது. காஞ்ச சந்தனம் ரெண்டு மணி நேரத்துல எப்படி சார் ஈரமாகும்?"

பர்ஹானா இரண்டு படங்களையும் சத்தியசீலன் பக்கம் நகர்த்தினார்.

"பொட்டு ரெண்டு டிராயருக்கும் நடுவுல. ஒண்ண இழுத்தாலே உடைஞ்சிடும். கூண்டுக்குள்ள வட்டை மாத்தியிருந்தா, வியாழன் சாயந்தரம் இருந்த அதே பொட்டு இன்னிக்குக் காலையில உடைஞ்சிருக்கணும். உடையல; வழிஞ்ச துளிகூட அப்படியே இருக்கு. அப்ப திருட்டு கூண்டுல நடக்கல. கூண்டுக்கு வர்ற வழியில நடந்திருக்கு. கார்டு யாருகிட்ட இருந்ததுங்கிற பேச்சே வேண்டாம்."

"வழியிலயா?" சத்தியசீலன் பக்கிரிசாமியைப் பார்த்தார்.

"அவர் கோயிலுக்குள்ள இருந்தாரு. வேன்ல இருந்தவரு ஒருத்தர். நாலு ஸ்க்ரூ, ரெண்டு வட்டு, இருபது நிமிஷம் தாராளம். அந்த ஒருத்தர் கையில பிரசாதச் சந்தனமும் வந்து சேந்துச்சு. அரை மணி நேரங்கழிச்சு எடுத்த படத்துல அவரு நெத்தியில ஒண்ணும் இல்ல." பர்ஹானா திரும்பினார். "அந்தச் சந்தனம் எங்க போச்சு, மிஸ்டர் ஜெயகுமார்?"

ஜெயகுமார் சிரிக்க முயன்றார். பிறகு முயற்சியைக் கைவிட்டார்.

"கூண்டு பத்திரமில்லன்னு பாஸுக்குப் புரிய வைக்கணும்னு நெனச்சேன். அவ்ளோதான். ரெண்டு நாள்ல நானே தேடிக் கண்டுபிடிச்ச மாதிரி குடுத்திருப்பேன். ஆறு மாசமா நான் சொன்னது எதையாவது கேட்டீங்களா பாஸ்? அந்தப் புள்ள சாயந்தரம் வந்து சொன்னா அப்படியே மாறிடுவீங்க."

"அதுக்குள்ள என்னை உள்ள தள்ளியிருந்தா?" என்றார் இராசாத்தி.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்," என்றார் பர்ஹானா. "உடைஞ்ச பொட்ட அப்படியே விட்டிருந்தா வேன் குலுங்கினதுல உதிர்ந்துச்சுன்னுதான் நெனச்சிருப்போம். எதுக்குத் திரும்ப வெச்சீங்க?"

ஜெயகுமார் தம் விரல்களைப் பார்த்தார்.

"விஜயதசமி, மிஸ். உடைஞ்ச பொட்டோட ஒரு சாமான எப்படிப் புது எடத்துக்கு அனுப்புறது? மனசு வரல."

சத்தியசீலன் இரண்டு படங்களையும் மறுபடி கையில் எடுத்தார். களவு செய்த கையே மங்கலத்தையும் செய்திருக்கிறது. அதுவே அந்தக் கையைக் காட்டியும் கொடுத்திருக்கிறது. இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நானும் அந்தப் படத்தப் பாத்தேனே, மிஸ்."

"உங்களுக்குப் பழகின கண்ணு, சார். பொட்டு இருக்கான்னு பாப்பீங்க; இருந்தா விட்டுடுவீங்க. எங்க வீட்டுல அந்த வழக்கம் இல்ல. அதனால நான் அது எப்படி இருக்குன்னு பாத்தேன்."

மாலை மணி 3.50.

ஜெயகுமாரின் காரிலிருந்த முறுக்கு டின்னில், துண்டில் சுற்றியபடி இரண்டு வட்டுகளும் கிடைத்தன. சத்தியசீலன் புகாரை எடுத்து இராசாத்தியின் முன் வைத்துப் பேனாவையும் நீட்டினார். இராசாத்தி அந்த வெற்றிடத்தைச் சற்றுநேரம் பார்த்தார். பின்னர் தாளையும் பேனாவையும் மேசைக்கு எதிர்ப்புறம் நகர்த்தினார்.

"அவரே எளுதட்டும், சார்."

ஜெயகுமார் தம் பெயரைத் தாமே எழுதினார். கையெழுத்து எப்போதும்போல் அழகாகவே இருந்தது.

திங்கள், காலை மணி 9.00.

கூலிம் கூடத்துக் குளிரில் சத்தியசீலனுக்குப் பல் கிட்டியது. இராசாத்தி வட்டுகளை ஒவ்வொன்றாய்ச் செருகினார். பச்சை விளக்குகள் மினுங்கி நிலைத்தன. திரையில் மெர்போக்கின் கடைசி முடிவு, வியாழன் மணி 3.41, வந்து நின்றது. இராசாத்தி கண்களை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"முடிவு பண்ணிட்டீங்களா, சார்?"

"மெஷின் இங்கயே இருக்கட்டும். தெனமும் ஒரு காப்பி கிளவுட்டுக்குப் போயிடணும். அந்த பேக்கப் லெட்டரக் கொண்டா, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"ஏன் இங்க, சார்?"

"முழுசா வெளங்கல, இராசாத்தி. ஜெயகுமார் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு." அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். "ஆனா எனக்குப் பொட்டு வைக்க ஒரு எடம் வேணும் லா."

"சார், தண்ணி மட்டும் உள்ள எறங்காம," என்று பதறினார் ஷஃபிக்.

சத்தியசீலன் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, இரண்டு இழுப்பறைகளும் சேரும் கோட்டின்மேல் வைத்தார். அதன் நடுவே குங்குமம் இட்டார். பிறகு தம் கைப்பேசியை எடுத்து, கிட்டக் குனிந்து, ஒரு படம் எடுத்தார். இம்முறை அவர் பொட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை.

படத்தின் அடியில் நேரம் விழுந்திருந்தது: காலை மணி 9.05.