ஒரு கை கொடு

"அப்பா, பொம்மைக்கு வேர்க்குது."

மகள் சொன்ன பிறகுதான் அவன் பார்த்தான். அருங்காட்சியகத்தின் கடைசிக் கூடத்தில், கயிறு கட்டிய மேடைமேல், அந்தக் காலத்துத் துறைமுகக் கூலி ஒருவனை ஆள் உயரத்துக்குச் செய்து நிறுத்தியிருந்தார்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் மூட்டை, மூட்டையைப் பிடித்த விரல்களுக்கு நகம் வைக்க மட்டும் செய்தவன் மறந்துவிட்டான். பிடரியில் ஈரம் கோடாக இறங்கியது.

"மெழுகுடி கண்ணு. உருகுது."

"உன்னை மாதிரியே கோணக் கழுத்து."

"இவனுக்கென்ன, டிக்கெட் வாங்கிப் பார்க்க வர்றாங்க. என்னை எவன் பார்க்கிறான்?"

சிரித்துக்கொண்டே அவள் வாசலோரம் தொங்கிய திமிங்கில எலும்பைப் பார்க்க ஓடினாள். "மூடப்போறோம், வெளியே வாங்க" என்று காவலாளி எங்கோ கத்த, ஒவ்வொரு கூடமாக விளக்கு அணைந்துகொண்டு வந்தது. பாடம் செய்த மிருகங்களின் மருந்து நெடியைக் கிழித்துக்கொண்டு வேறொரு வாடை அடித்தது. நனைந்த சாக்கு, நாளெல்லாம் சுமந்த உடம்பு. கிடங்கில் மூட்டை தூக்கியே முதுகு தேய்ந்தவனுக்கு அந்த வாடை தப்பாது. மெழுகுக்கு அது எப்படி வந்தது? மகளைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

"அண்ணே, ஒரு கை கொடு. இறக்கணும்."

கிடங்கில் இந்தக் குரல் கேட்டால் யாரென்று பார்ப்பதில்லை. சாப்பாட்டில் கை இருந்தாலும், நேற்றுச் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவனானாலும், எழுந்துபோய்த் தாங்க வேண்டும். தளர்ந்தவன் கழுத்து முறிய ஒரு நொடி போதும். யோசிக்குமுன் கயிற்றுக்கு மேலே கை போய்விட்டது.

மூட்டை சூடாக இருந்தது.

கீழே இறங்கவில்லை. அவன் தலைமேல் ஏறியது.

கழுத்து இறுகியது. பாதத்துக்கு அடியில் மேடைப் பலகை. செருப்பு எங்கே? கால் நகரவில்லை. நாக்கும்.

அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு கயிற்றுக்கு வெளியே ஒருத்தன் நின்றான். அவனுடைய முகம். கழுத்தை இப்படியும் அப்படியும் சொடுக்கிக்கொண்டான்.

"அப்பா, போலாமா?"

ஓடி வந்தவள் அந்த ஆளின் கையைப் பிடித்தாள்.

கண்ணு, இங்கே பாரு. இங்கே.

பார்த்தாள்.

"அப்பா, பொம்மை அழுவுது."

"மெழுகுடி கண்ணு. உருகுது."

அதே குரல்.

நடந்தார்கள். தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது. வாசல் வெளிச்சத்தில் ஒரு கணம், மகளின் விரல்களைச் சுற்றி இறுகிய கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

நகமில்லாத கை.