வெல்பரி பிரபுவின் இரண்டு கதவுகள்

2003 ஆகஸ்டில் ஒரு மாலை. வாலிகண்டபுரத்துக்கு மேற்கே இருந்த வெல்பரி பங்களாவைக் கல்யாண மண்டபமாக்க முடியுமா என்று பார்க்க, நானும் என் மனைவியின் தம்பி மணிவண்ணனும் போயிருந்தோம். சாவி வைத்திருந்த வீரம்மாள் வாசலோடு நின்றுகொண்டாள்.

"சேந்து போறவங்க சேந்தே வெளிய வந்துடுங்க சார். ஆளுக்கொரு பக்கமா பிரியாதீங்க."

உள்ளே வௌவால் எச்ச நாற்றம். ஜன்னலே இல்லாத நீண்ட கூடம். கோடியில் அருகருகே இரண்டு கதவுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குறுகிய நடை, அதன் முடிவில் தோட்டத்துக்கு ஒரு வாசல்.

"ஒரு கூடத்துக்கு எதுக்கு மாமா ரெண்டு வழி?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் நான். வெல்பரி பிரபு, அப்பா இறந்ததும் லண்டன் பிரபுக்கள் சபையில் போய் உட்கார்ந்தவர்; தேர்தலே கிடையாது. பிறகு மந்திரியானார். அந்தச் சபையில் ஓட்டுப் போடுவதென்றால் நடப்பது. மணி அடிக்கும். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் வலப்பக்க நடை வழியாகவும் எதிர்ப்பவர்கள் இடப்பக்க நடை வழியாகவும் போவார்கள். முடிவில் வெள்ளைக் கோலுடன் நிற்பவர் தலைகளை எண்ணுவார். ஒரே ஒரு தலை குறைந்து வெல்பரியின் தீர்மானம் தோற்றது, பதவி போனது. வேட்டையாட இங்கே வந்தவர் அதே அமைப்பில் கூடம் கட்டி, விருந்தாளிகளை நடக்கவைத்து எண்ணியபடியே செத்தும் போனார்.

"நாமளும் நடந்து பாப்போம் மாப்ள. மண்டபம் வேணும்னா வலது."

"வேணாம். இந்த நாத்தத்துல எவன் பந்திக்கு உக்காருவான்?" சிரித்துக்கொண்டே இடது கதவுக்குள் போனான்.

நான் வலதில் நுழைந்தேன்.

எங்கோ மணி அடித்தது.

இருட்டு. சுருட்டு வாசனை. நான் நின்றேன், எனக்குப் பின்னால் ஒரு பூட்ஸ் கால் ஓரடி தாமதித்து நின்றது.

தோட்டத்தில் கால் வைத்ததும் காதருகே கோல் தட்டியது.

"ஒன்."

பிறகு, என் முதுகுக்குப் பின்னால்:

"டூ."

இடது நடையின் தோட்டக் கதவு அறைந்து மூடிக்கொண்டது. உள்ளிருந்து மணிவண்ணன் அலறினான்.

"மாமா! யாரோ கோல நெஞ்சுல வச்சு அழுத்துறாங்க... மூச்சு முட்டுது..."

சத்தம் கேட்டு ஓடிவந்த வீரம்மாளும் நானும் தள்ளினோம். அசையவில்லை.

அப்போதுதான் புரிந்தது. இரண்டுக்கு ஒன்று. அவன் தோற்ற பக்கம். கணக்கு மாற வேண்டுமானால் நானும் இடதில் நடக்க வேண்டும்.

"திரும்ப உள்ள போவாதீங்க சார்!"

அவன் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? சுற்றி ஓடிக் கூடத்துக்குள் புகுந்து, இடது கதவில் நுழைந்தேன். கையில் பட்ட சட்டையைப் பற்றி இழுத்தேன். கதவு திறந்தது.

"ஒன்."

"டூ."

இருவரும் மண்ணில் விழுந்தோம். இந்த முறை வெல்பரி தனியே வலதில் நின்று தோற்றிருப்பார் என்று நினைத்தேன். ஆயுளில் ஒருமுறைகூட அணி மாறாதவர். ஆனால் தோற்றுத் தோற்று அவருக்கும் சலித்திருக்க வேண்டும்.

"த்ரீ."

வீரம்மாள் கொடுத்த தண்ணீரை மணிவண்ணன் தள்ளி நின்று குடித்துக்கொண்டிருந்தான். நான் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து உதைத்துக் கிளப்பினேன்.

பின்சீட்டின் ஸ்பிரிங், ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு, மெதுவாக அமுங்கியது.