வாலுவின் வலக்கண்

காலை ஒன்பதே கால். செல்லப்பிராணிகளின் கண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் அந்த மருத்துவமனையின் கண்ணாடிக் கதவில் வாலு போய் முட்டிக்கொண்டான். போன வாரம்வரை அந்தக் கதவைக் கண்டதுமே ஓட்டம் பிடிக்கப் பார்த்த நாய்.

அவனுக்கு இடக்கண்ணில் புண் வந்து, அதைப் போன வருஷமே எடுத்தாயிற்று. மிச்சம் வலக்கண் ஒன்றுதான். அதிலும் அழுத்தம் ஏறும் நோய். வேளை தவறாமல் சொட்டுமருந்து விட்டு, எப்படியோ கட்டிக் காத்துவந்தார்கள்.

டாக்டரம்மா பரிசோதனை அறையை இருட்டாக்கிச் சிறிய விளக்கைக் கண்ணுக்குள் அடித்தார். கண்மணி அகல விரிந்து கிடந்தது. அழுத்தமோ தாறுமாறாக ஏறியிருந்தது.

"பார்வை போயிடுச்சும்மா. இனி திரும்பாது" என்றார்.

வாலுவை வளர்த்த பெண் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் அவள் கணவன். மூலை நாற்காலியில் மாமனார்.

"இது தானா வந்ததா தெரியலை. கண்மணியை விரிய வைக்கிற மருந்து உள்ளே போயிருக்கணும். இடக்கண்ணுக்குக் கொடுத்தேனே, சிவப்பு மூடி. அது வலக்கண்ணுல பட்டா பார்வையே போயிடும்னு போன தடவைகூடத் தூக்கிப் போடச் சொன்னேனே?"

"போட்டேன் டாக்டர்... போட்டேன்னுதான் நினைக்கிறேன்."

"என்னத்தைப் போட்டா?" என்றார் மாமனார். "மூடியைத் தவிர ரெண்டு குப்பியும் ஒரே மாதிரி. ஆபீஸ் ஆபீஸ்னு ஓடறா. போதாததுக்கு வீடு மாத்தற மும்முரம் வேற. எதை எடுத்து ஊத்தினாளோ!"

"ஐயோ, என் கையாலயே குருடாக்கிட்டேனா?" அவள் வாலுவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

டாக்டரம்மா விளக்கைப் போட்டார். மாமனார் முகத்தைச் சுளித்து, நெற்றிக்குக் கையைக் கொடுத்தார். "அப்பா, என்ன வெளிச்சம் இது!"

வாயில்லா ஜீவன்களோடு காலம் தள்ளியதில் டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. வாயுள்ளவர்கள் பேசும்போதும் அவர் கண்ணைத்தான் பார்ப்பார்.

"அழாதேம்மா. நேத்து என்ன நடந்தது?"

"சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம். வந்தப்பவே வாயெல்லாம் நுரை. எதையோ தின்னுட்டான்னு நினைச்சு வாயைக் கழுவிவிட்டேன். அப்புறம்தான் மருந்து விட்டேன்."

"நுரை முதல்ல, உன் மருந்து அப்புறம். நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஆமா" என்றான் கணவன். "நான்தான் தண்ணி ஊத்தினேன்."

"நீங்க வீட்லதானே இருந்தீங்க?" என்று மாமனாரிடம் திரும்பினார்.

"இருந்தேன். ஆனா நான் நாயைத் தொடவே மாட்டேன். எனக்கு ஒத்துக்காது."

"மருந்துக் குப்பியை?"

"அதை நான் ஏன் தொடறேன்?"

டாக்டரம்மா மேஜையிலிருந்த கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"உங்க ரெண்டு கண்ணையும் பாருங்க. இவ்வளவு வெளிச்சத்துல எங்க எல்லாருக்கும் கண்மணி சுருங்கியிருக்கு. உங்களுக்கு வலது சுருங்கிடுச்சு. இடது மட்டும் அகலமா அப்படியே நிக்குது. அந்த மருந்து விரல்ல பட்டு, அதே விரலால கண்ணைக் கசக்கினா இப்படித்தான் ஆகும். நான் கை கழுவச் சொல்லிக் கொடுத்தது உங்க மருமகளுக்கு. உங்களுக்கு இல்லையே!"

மாமனார் கண்ணாடியைத் தள்ளிவிட்டார்.

"கண்ணுல விடற மருந்து மூக்கு வழியா தொண்டைக்கு இறங்கும். இது படு கசப்பு. அதான் நுரை. அப்ப இவங்க ரெண்டு பேரும் வீட்லயே இல்ல."

"அப்பா!" என்றான் மகன்.

கிழவர் மகனைப் பார்க்காமல் சொன்னார். "போன தடவை இவங்க சொன்னாங்களே, பார்வை போன நாயை வீடு மாத்தினா தடுமாறும்னு... போகாம இருந்துடுவீங்கன்னு நினைச்சேன். உங்கம்மாவும் போய்ச் சேர்ந்துட்டா, நீங்களும் போயிட்டா நான் மட்டும் அந்த வீட்ல... அந்தக் குப்பியைக் குப்பையிலேருந்து எடுத்து வெச்சிருந்தேன்."

டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாதியைத்தான் கேட்டிருக்கீங்க. முதல்ல தடுமாறும், கூட ஆள் இருந்தா சீக்கிரமே பழகிடும்னும் சொன்னேன். உங்க கண்ணைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஒரு வாரம் பத்து நாள்ல தானா சரியாயிடும். வாலுவுக்குத்தான் ஆகாது."

மருமகள் எழுந்தாள். அழுகை நின்றிருந்தது. தன் கை செய்யவில்லை என்று தெரிந்ததில் அவளுக்கு ஆறுதல் இருந்திருக்க வேண்டும். முகத்தில் அதைக் காணோம்.

"ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு பார்த்தோம், மாமா. தினமும் சாயங்காலம் வாலுவைக் கூட்டிட்டு உங்களைப் பார்க்க வரணும்னு இருந்தேன்."

"இப்பவும் வரலாமேம்மா..."

"அவனுக்கு அந்த வழி தெரியாது, மாமா" என்றாள். "நான் காட்டித் தரவும் மாட்டேன்."