பஸீலாவின் சாவி

முதல் தடவை உள்ளே நுழைகிறவளைப் பார்த்து, "மீண்டும் வருக, பஸீலா. நீங்கள் கடைசியாக வந்தது இரண்டு நிமிடத்துக்கு முன்பு" என்றது சர்வர்.

பஸீலாவுக்குச் சிரிப்புதான் வந்தது. மதியம் இரண்டே கால் மணி. புத்தூரில் மாடி வீடு. கீழே வீட்டுக்கார வியாகுலம்மாள் மிக்ஸியில் எதையோ அரைக்கிற சத்தம், தெருமுனை ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் ஆட்டோக்களின் ஹாரன், அடுப்பில் ஆறிக்கொண்டிருந்த மீன் ஆணத்தின் புளி வாசனை, இத்தனைக்கும் நடுவில் பயப்பட என்ன இருக்கிறது? புது சர்வர் உளறுகிறது, வேறென்ன.

மருந்துக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிற சின்ன கம்பெனியில் வேலை பார்த்தாள். ஆபீஸ் ஸ்ரீரங்கத்தில். பஸீலாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. எழுதுகிற புரோகிராம் எல்லாம் ஒரே சர்வரில் போய்ச் சேரும். பழைய சர்வரைத் திறக்க பாஸ்வேர்டு போதும். இன்று முதல் புது சர்வர், அதில் பாஸ்வேர்டு செல்லாது, ஆளுக்கொரு சாவி செய்துகொள்ள வேண்டும். காலையில் அவளுடைய டீம் லீட் ஆஷ்லி போனில் பாடமே எடுத்திருந்தான்.

"ரெண்டு ஃபைல் வரும்ங்க. கடைசியில டாட் பப்னு முடியுறது பூட்டு. அத மட்டும் சர்வர்ல ஒட்டுங்க. இன்னொன்னு சாவி. அது உங்க லேப்டாப்ப விட்டு எங்கயும் போகக் கூடாது. அது யார் கையில இருக்கோ, அவங்கதான் பஸீலா. சர்வருக்கு உங்க மூஞ்சியா தெரியும்?"

"தெரியும்ங்க ஆஷ்லி. நான் என்ன பச்சப்புள்ளயா?"

பச்சைப்பிள்ளை இல்லைதான். ஆனால் அவசரக்காரி. மூன்றரைக்கு மகள் அல்ஷிஃபா ஸ்கூல் வேனில் வந்துவிடுவாள், அதற்குள் முடித்துவிட வேண்டுமென்று ஒரே பெயரில் இருந்த இரண்டு ஃபைலில் மேலே இருந்ததைத் திறந்தாள், மொத்தமாகக் காப்பி எடுத்தாள், சர்வர் காட்டிய பெட்டியில் ஒட்டினாள். சர்வர் தன்னுடைய கைரேகை என்று நீளமாக எதையோ காட்டி, இதுதான் நீங்கள் தேடி வந்த இடமா, நிச்சயமாகத் தொடரலாமா என்று கேட்டது. இந்தத் தொழிலில் இருக்கிற எவர் அந்தக் கேள்வியை நின்று படித்திருக்கிறார்? அவளும் படிக்கவில்லை. 'எஸ்' என்று தட்டினாள்.

அதற்குத்தான் அந்த வரவேற்பு.

சர்வரில் யார் என்ன மாற்றினாலும் பெயர், நேரம், ஒரு வரிக் குறிப்போடு பட்டியலில் ஏறும். பட்டியலைத் திறந்தாள். உச்சியில் அவள் பெயர் இருந்தது. இரண்டு பதின்மூன்று. 'வேண்டாத வரி நீக்கம்.' ஆங்கில எழுத்தில் தமிழாகக் குறிப்பு எழுதுவது ஆபீஸிலேயே அவள் ஒருத்திதான். ஆஷ்லி அதற்காகக் கேலி செய்யாத நாள் இல்லை. அவள் பாணி, அவள் பெயர். ஆனால் அவள் எழுதவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே இன்னொரு வரி ஏறியது.

'பூனை நீக்கம்.'

மாடிப்படியில் பூனை கத்தியது. கத்தல் பாதியில் நின்றது.

பஸீலா கதவைத் திறந்தாள். மூன்றாவது படியில், தினமும் மீன் தலைக்கு வந்து நிற்கும் அந்தச் சாம்பல் பூனை, கழுத்திலிருந்து வால் வரை கிழிந்து கிடந்தது. பின்னங்கால் ஒன்று இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. இரத்தம் படிப்படியாக இறங்கியது. அந்தப் பச்சை வாடைக்கு மேலே வேறொரு வாசனை வந்தது. தேங்காயெண்ணெய், பவுடர், காலையில் போட்டுக் குளித்த சந்தன சோப்பு. யாருடைய வாசனை இது என்று யோசித்தாள். தன் வாசனை தனக்குத் தெரியாது என்பார்கள். இன்று தெரிந்தது. அது படியில் இறங்கிப் போயிருந்தது.

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஆஷ்லிக்குப் போன் போட்டாள்.

"ஆஷ்லி, என் பேர்ல யாரோ உள்ள இருக்காங்க."

"இருங்க, இருங்க. பெட்டியில எந்த ஃபைல ஒட்டுனீங்க? டாட் பப்தான?"

பஸீலா பார்த்தாள். டாட் பப் இல்லை.

"ஐயோ! ஆஷ்லி, சாவிய ஒட்டிட்டேன்."

"என்னங்க நீங்க! சரி, பதறாதீங்க. உடனே அத அழிங்க."

அழிக்கப் போனாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது சர்வர். திரும்பத் தட்டினாள். அனுமதி இல்லை. இன்னொரு தடவை. அனுமதி இல்லை.

"ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க, இன்னொரு கால் வருது" என்ற ஆஷ்லி அந்த லைனுக்குப் போனான். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "பஸீலா இன்னொரு லைன்ல பேசுறாங்க. நீங்க யாருங்க?"

"நான்தான் பஸீலா!"

"விளையாடாதீங்க மேடம். அவங்க நம்பர் எப்படிங்க உங்க கையில?"

லைன் அறுந்தது. போனைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தாள். பொருந்தவில்லை. துப்பட்டாவில் துடைத்துவிட்டு வைத்தாள். பொருந்தவில்லை. விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ரேகை ஒன்றுகூட இல்லை. பத்து விரலும் கரைந்த சோப்பு மாதிரி வழுவழுவென்றிருந்தன.

லேப்டாப்பில் அடுத்த வரி ஏறியது.

'கீழ்வீடு நீக்கம்.'

அதற்கு மேலே உடனேயே இன்னொன்று, இன்னும் முடியாத வேலை என்கிற நட்சத்திரக் குறியோடு.

'ஜெராக்ஸ் நீக்கம்.'

ஜெராக்ஸ்! அல்ஷிஃபாவைப் பார்க்கிற அத்தனை பேரும் சொல்வது அதுதான். வியாகுலம்மாள் தினமும் கன்னத்தைக் கிள்ளிச் சொல்வாள். வேன் டிரைவர் மருதை சொல்வார். அம்மாவோட ஜெராக்ஸ். அப்படியே அச்சு. என் பிள்ளையை ஒன்றும் செய்துவிடாதே, யா அல்லாஹ், என்னை வேண்டுமானால் எடுத்துக்கொள். மணி மூன்று இருபத்தைந்து. எப்படி ஆனது? தாழை நீக்கிக்கொண்டு பாய்ந்தாள். பூனையைத் தாண்டினாள். வழுக்கினாள். ஓடினாள்.

கீழே மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லாமல், வெறுமனே, காதைக் கிழிக்கிற சத்தம். வியாகுலம்மாளின் கதவு திறந்து கிடந்தது. அவள் சமையலறைத் தரையில் மல்லாந்திருந்தாள். கழுத்து ஒரு காதிலிருந்து மறு காதுவரை திறந்திருந்தது. நைட்டியின் வெள்ளைப் பூக்களெல்லாம் சிவந்துகொண்டிருந்தன. பஸீலா இரண்டு கையாலும் அந்தக் கழுத்தை அழுத்திப் பிடித்தாள். விரல் இடுக்கில் சூடாகப் பொங்கியது. வியாகுலம்மாளின் கண் அவளைத் தேடி அலைந்து, அவளைத் தாண்டிக் கதவருகே போய் நின்றது.

"பஸீலா... ஏம்மா என்னைய..."

திரும்பினாள். கதவருகே யாருமில்லை. சந்தன சோப்பு வாசனை மட்டும்.

வெளியே வேன் ஹாரன்.

"பாப்பா! இறங்காத! இறங்காத!"

கேட்டுக்கு ஓடினாள். வேன் தெருமுனையில் திரும்பிவிட்டது. வாசலில் பிள்ளை இல்லை. மாடியில் சத்தம் கேட்டது. ஷூவைக் கழற்றி எறிகிற சத்தம். பிள்ளையின் மழலை. "அம்மா, இன்னிக்கு மிஸ் எனக்கு ஸ்டார் போட்டாங்க."

"அப்படியாடா தங்கம்? காட்டு பாக்கலாம்."

அது பஸீலாவின் குரல்.

நாலு நாலு படியாக ஏறினாள். கதவு உள்ளே தாழ். அறைந்தாள். இரத்தக் கை, மரத்தில் பத்து விரலும் பதிந்தன, ஒரு கோடுகூட இல்லாமல்.

"என் புள்ளய விடு! பாப்பா, அம்மா இங்க இருக்கேன்!"

உள்ளே பிள்ளை வீறிட்டது. அந்தக் குரல் போனில் அழுதது. "மச்சான், சீக்கிரம் வாங்க! யாரோ ஒரு பொம்பள கீழ்வீட்டம்மாவக் கொன்னுட்டு நம்ம கதவ உடைக்கிறா!"

அவள் அறைவதை நிறுத்தவில்லை. உள்ளங்கை பிளந்தது. தோளால் மோதினாள். தோள் எலும்பு நகர்ந்தது. பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, அழுகிறாள், அழுகிற வரைக்கும் உயிரோடு இருக்கிறாள். அது ஒன்றுதான் மனதில் ஓடியது. அவள் கணவன் கலீம் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவன். பத்து நிமிஷத்தில் பைக் வந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மச்சான் வந்துவிட்டார்.

கலீம் படியேறி வந்தான். கையில் மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கி. கீழ்வீட்டைப் பார்த்துவிட்டு வந்த முகம்.

"யார்டி நீ?"

"மச்சான், நான்தான்! உள்ள இருக்கிறது நான் இல்ல. நிக்காஹ் அன்னிக்கு செருப்பத் தொலைச்சுட்டு வெறுங்காலோட வந்தீங்களே, யாருக்கும் சொல்லாதன்னு..."

கதவு திறந்தது. இடுப்பில் அல்ஷிஃபாவோடு பஸீலா நின்றாள். அதே துப்பட்டா. அதே மூக்குத்தி. அழுது வீங்கிய அதே கண்.

"அது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது மச்சான்" என்றது அது, நடுங்கி. "இவளுக்கு எப்படித் தெரியும்?"

கலீமின் கை தயங்கியது. ஒரே ஒரு நொடி. அவன் மகளைப் பார்த்தான்.

"பாப்பா, இது யாரு?"

அல்ஷிஃபா எட்டிப் பார்த்தாள். கூர்ந்து, வெகு நேரம் பார்த்தாள். பஸீலா சிரிக்க முயன்றாள். கன்னத்தைத் தொட்டாள். மூக்கு இருந்த இடம் தட்டையாக இருந்தது.

"தெரியல அத்தா. இந்த ஆன்ட்டிக்கு மூஞ்சி அழிஞ்சிருக்கு."

கொக்கி இறங்கியது. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் புகுந்தது. இழுத்தான். எலும்பில் மாட்டிக்கொண்டு வந்தது. பஸீலா முழங்காலில் விழுந்தாள். வலி வரவில்லை. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. மேலே இருந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பத்திரமாக, விரல் சூப்பிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பஸீலாவுக்கு அப்போதுதான் புரிந்தது, ஜெராக்ஸ் என்று அது சொன்னது யாரை என்று.

கலீம் கொக்கியை உருவி மறுபடி ஓங்கினான். மூச்சு வாங்கியது.

"பாப்பாவ உள்ள கூட்டிட்டுப் போ, பஸீலா."

முழங்காலில் இருந்தவள் வாயைத் திறந்தாள்.

"சரிங்க மச்சான்" என்றது மேலே இருந்த வாய்.