ரெண்டு விசில்

ஆளில்லாத ரயில்வே கேட்டை பஸ்ஸில் சும்மா தாண்டிவிட முடியாது. 'நில், கவனி, செல்' பலகைக்கு முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டர் இறங்கித் தண்டவாளம் வரை நடந்து, இரண்டு பக்கமும் பார்த்து, ரெண்டு விசில் கொடுத்த பிறகுதான் டிரைவர் எடுக்கலாம். ஒரு நாளைக்கு ஆறு தடவை இந்தக் கூத்து. எனக்கு எரிச்சலாக வரும்.

அது தொண்ணூற்றொன்பது, ஐப்பசி மாதம். நாகல் நகரில் பள்ளிக்கூடம் விட்டதும் என் மகள் ஜீவிதாவை என் மினி பஸ்ஸிலேயே ஏற்றிக்கொள்வேன். மூன்றாம் வகுப்பு. தாயில்லாப் பிள்ளை, எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். முன்சீட்டில் என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வேன்.

அன்று சாயங்காலம் பேய் மழை. வைப்பர் ஓடியும் கண்ணாடியில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. பலகைக்கு முன்னால் நிறுத்தினேன். செத்த நேரத்தில் தண்டவாளத்தின் மேல் ஒரு காக்கிச் சட்டை மங்கலாகத் தெரிந்தது. கையை வீசிக் கூப்பிட்டது.

ரெண்டு விசில்.

கியர் போட்டு நகர்த்தினேன்.

"அண்ணே! நிப்பாட்டுங்கண்ணே!" கண்டக்டர் பேச்சிமுத்துவின் அலறல் பின்படியிலிருந்து வந்தது. "நான் இன்னும் இறங்கவே இல்லண்ணே! குடையத் தேடிக்கிட்டிருக்கேன்!"

மாதாவே! பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. ஒரு முழத் தூரத்தில் பாசஞ்சர் ரயில் ஊளையிட்டுக்கொண்டு கடந்தது. பஸ்ஸே நடுங்கியது. பின்னால் முப்பது பேரும் கத்தினார்கள்.

கடைசிப் பெட்டி போன பிறகு பார்த்தேன். தண்டவாளத்தில் யாரும் இல்லை. ஜீவிதாவைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

கடைசி நடை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து நானும் பேச்சிமுத்துவும் கிசுகிசுவென்று பேசினோம்.

"இனிமே விசில நம்பாதீங்கண்ணே. நான் பாத்துட்டுத் திரும்பி வந்து உங்க தோளத் தொடுறேன். தொட்டா மட்டும் எடுங்க."

"யாருகிட்டயும் சொல்லிப்புடாதலே."

"நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்ணே."

பதினோரு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எனக்கும் பயம் தெளிந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் மறுபடி மழை பிடித்தது.

பேச்சிமுத்து குடையோடு இறங்கிப் போனான். நான் காத்திருந்தேன். ஜீவிதா பக்கத்தில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் திடீரென்று துருவும் சேறும் கலந்த வாடை வந்தது.

வாய்ப்பாடு நின்றது.

என் தோளில் ஒரு கை விழுந்தது.

"பாத்துட்டேண்ணே. எடுங்க."

பேச்சிமுத்துவின் குரலேதான். கியரைத் தள்ளிக்கொண்டே நிமிர்ந்தேன்.

எதிரே, தண்டவாளத்தின் மேல், குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு நின்றான் பேச்சிமுத்து. வராதீங்க, வராதீங்க என்று கத்தினான். பிரேக்கில் வைத்த காலை நான் எடுக்கவில்லை.

தோளில் இருந்த கை விலகவில்லை. சட்டைக்குள் ஈரம் இறங்கியது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஜீவிதா பார்த்தாள். என் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். பிறகு புத்தகப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக ஒதுங்கி இடம் விட்டாள்.

"உக்காருங்க மாமா," என்றாள்.